சந்தனப் பொட்டின் கீழ் எரிந்த விளக்கு

சின்னத்தம்பி ஓட்டும் வண்டியை ஆடு முந்திக்கொண்டு போகும் என்று குருவிக்கல் தோட்டத்தில் கேலி பேசுவார்கள். கேலி பேசிய அதே வாய், வீட்டில் ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டால், "சின்னத்தம்பி அண்ணனைக் கூப்புடு, வேற யாரும் வேணாம்" என்று கத்தும். கேலிக்கும் கூப்பாட்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவர் ஓட்டினால் மடியில் வைத்த செம்பிலிருந்து தண்ணீர் தளும்பாது.

தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் கல்லுப் பாதையின் முடிவில் இருக்கிறது குருவிக்கல். ஒரு தொழிற்சாலை, ஒரு டிஸ்பென்சரி, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள். சின்னத்தம்பி அந்த லயங்களில் ஒன்றில் பிறந்து, லொறி கழுவப் போய், லொறியிலேயே ஓட்டக் கற்று, தொண்ணூறுகளில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்குச் சாரதியானவர்.

அந்தக் காலத்தில் நோயாளிக்கும் அதே லொறிதான். பறித்த கொழுந்து வெயிலில் வாடிவிடக் கூடாது என்று தார்ப்பாய் கட்டச் சொல்லும் துரைமார், அதைப் பறித்தவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது தார்ப்பாயைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றாவிட்டால் அழுக்காகிவிடுமாம். தேயிலை கப்பலேறிச் சீமைக்குப் போகிற சரக்கு. பறிக்கிறவள் எங்கேயும் போகப் போவதில்லை, அவளுக்கென்ன அவசரம் என்பது கணக்கு. வேலாயி என்ற பெண் அந்த லொறியின் பின்தட்டில், மழையில், பாதை வளையும் ஒரு முடக்கில் பிள்ளை பெற்றாள். பிள்ளை அழவில்லை. பாதை குலுக்கியதால் அல்ல, முன்பே வயிற்றுக்குள் அடங்கிவிட்டது என்று மருத்துவிச்சி சொன்னாள். சின்னத்தம்பியின் மூளை அதை ஏற்றுக்கொண்டது. வலது கால் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, பின்னால் ஆள் இருந்தால் அந்தக் கால் அக்சிலேட்டரை அழுத்த மறுத்தது.

பத்து ஆண்டு கழித்து, கொழுந்து லொறியில் இனி ஆளை ஏற்றினால் மலையில் பறிக்க இறங்க மாட்டோம் என்று பெண்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவள் அழகம்மா. வாய் திறந்தால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கூட ஒரு அடி தள்ளி நிற்பார். எந்தச் சாமியும் இறங்கி வந்து வேறு வண்டி கொடுக்கவில்லை. அந்த உட்காருகைதான் கொடுத்தது. சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாக வந்து கொழும்பில் சும்மா கிடந்த ஒரு டீசல் காரை, கம்பனி வேண்டாவெறுப்பாக மலைக்கு அனுப்பியது. பின்பக்கம் நீளமான வெள்ளைக் கார். ஆசனத்தைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்டார்கள். "புள்ளத்தாச்சி காரு" என்று பெயர் வந்தது. சாவி சின்னத்தம்பியின் கைக்கு வந்தது.

அவர் அந்தக் காரை ஓட்டிய விதத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். கல்லுப் பாதையில் முட்டையின் மேல் நடப்பது போல. தார் ரோட்டிலும் அதே நிதானம், பெரிய கியரில், எஞ்சின் முனகக்கூடாது என்ற கவனத்துடன். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, சத்தமில்லாமல் வழுக்கி இறங்குவார். தோட்டத்து டீசலை மிச்சப்படுத்துவதாக அவருக்குள் ஒரு பெருமை. நுவரெலியா ஆஸ்பத்திரி வாசலில் குளிர் எலும்பைக் கடிக்கும். பிள்ளை பெற்றவள் திரும்பி வந்து ஏறும்போது வண்டிக்குள் கதகதப்பு இருக்க வேண்டும் என்று, எத்தனை மணி நேரமானாலும் எஞ்சினை அணைக்காமல் ஹீட்டரை ஓடவிட்டுக் காத்திருப்பார்.

ஒரு வருடம் நன்றாகப் போனது. இரண்டாயிரத்து ஏழில் ஆயுத பூசை வந்தது.

தொழிற்சாலை இயந்திரங்கள், கவ்வாத்துக் கத்திகள், லொறி, கார் என்று எல்லாவற்றுக்கும் பூசாரி பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மனுசருக்குச் செலவழிக்க மனம் வராத நிர்வாகம் மெஷினுக்குச் சந்தனம் குழைக்கத் தயங்குவதில்லை. காருக்கு முன்னாலும் பின்னாலும் வைத்தவர், உள்ளே குனிந்து, ஸ்டியரிங்கிற்கு ஒன்று, வேகம் காட்டும் கண்ணாடியின் ஓரத்தில் தாராளமாக ஒன்று என்று அப்பிவிட்டுப் போனார். சாமிப் பொட்டைத் துடைக்கக் கூடாது. துடைக்காதது மட்டுமல்ல, சின்னத்தம்பியின் மனைவி லெட்சுமி வெள்ளிக்கிழமை தோறும் வந்து, காய்ந்த பொட்டின் மேல் புதிதாக இன்னொன்று வைத்தாள். கார்த்திகை பிறக்கும்போது அது பொட்டாக இல்லை. ஒரு சின்ன வடையாக இருந்தது.

அந்த மாதம்தான் வண்டி இழுக்க மறுத்தது. முதலில் நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பிறகு இரண்டாவது கியருக்கு மேல் போகவே மாட்டேன் என்றது. டீசல் மட்டும் முன்பைவிட அதிகமாகக் குடித்தது. காய்ச்சல்காரன் ஒருவன், "நான் எறங்கித் தள்ளட்டுமாண்ணே?" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டான்.

தொழிற்சாலை ஃபிட்டர் டீசல் ஃபில்டரை மாற்றினார். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. கண் பட்டிருக்கிறது என்றார்கள். பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, வண்டி அப்படியேதான் இருந்தது. கடைசியில் கண்டாக்கையா தன் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"டீசல் கூடக் குடிக்குது, ஆனா இழுக்கல. என்ன அர்த்தம்? டீசலை வெளியில வித்துட்டு மண்ணெண்ணெய் ஊத்துறான்."

பெரட்டில், எல்லார் முன்னாலும் சொன்னார். ஆதாரம் வேண்டியதில்லை. லயத்தில் பிறந்தவன் மேல் சொல்லும் குற்றத்துக்கு இந்த மலையில் எந்தக் காலத்திலும் ஆதாரம் வேண்டியிருந்ததில்லை. துரை ஜீப்பிலிருந்து இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்: திங்கட்கிழமை பெரட்டுக்குள் கார் சுமையோடு தொழிற்சாலை மேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும். "பழையபடி லொறி இருக்குதானே?"

சின்னத்தம்பிக்குத் தன் மேல் விழுந்த பழி உறைத்தது உண்மை. ஆனால் அன்று முழுவதும் அவர் காதில் ஒலித்தது கடைசி வார்த்தைகள்தான். வேலாயி கூட்டத்தின் ஓரத்தில் கூடையை மாட்டிக்கொண்டு நின்றாள். லொறி நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலவாக்கலை கராஜ் ஒன்றுக்குக் காரை உருட்டிக்கொண்டு போனார். கராஜ்காரர் கோபிசங்கர். யாழ்ப்பாணத்தில் மோட்டார் பொறி படித்து, சண்டை துரத்த இங்கே வந்து, ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது.

"என்ன அண்ணை, வண்டி மூக்கால அழுதுகொண்டு வருது?"

"இழுக்க மாட்டேங்குது தம்பி. டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு. ஏர் ஃபில்டர் ஊதியாச்சு. எலுமிச்சம்பழமும் வச்சாச்சு."

"எலுமிச்சம்பழம் எந்தச் சில்லுக்கு வச்சனீங்கள்?"

"நாலுக்குந்தாங்க."

"அப்ப அதில ஒரு பிழையும் இல்லை. வேற எங்கயோதான் கிடக்கு." கோபிசங்கர் சிரிக்காமல் சொல்லிவிட்டு, சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "டாஷ்போர்டில லைற் ஏதும் எரியேல்லையோ?"

"இல்லீங்க. ஒண்ணும் எரியல."

"இது என்ன?"

"ஆயுத பூசைக்குப் பூசாரி வச்சது. வீட்டுக்காரி வெள்ளிக்கெழம புதுப்பிப்பா."

"துடைக்கட்டோ?"

சின்னத்தம்பியின் கை தன்னையறியாமல் குறுக்கே போனது. "சாமிப் பொட்டுங்க தம்பி."

"சாமி வச்சதோ, பூசாரி வச்சதோ?"

"பூசாரிதான்."

"அப்பச் சாமியோட எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பூசாரியோட பிறகு கதைச்சுக்கொள்ளுவம்." ஈரத் துணியை வைத்து அழுத்தி, நகத்தால் நெம்பினார். சந்தனம் பாளம் பாளமாகப் பெயர்ந்து மடியில் விழுந்தது. அதன் கீழே, கண்ணாடிக்குள், மஞ்சளாக ஒரு விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு குழாய், அதற்குள் புள்ளி புள்ளியாகப் பொடி. அவ்வளவுதான் படம்.

சின்னத்தம்பி குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எத்தினை கிழமையா இது எரியுதோ," என்றார் கோபிசங்கர். "பாவம், கத்திக் கத்தித் தொண்டை வத்தியிருக்கும்."

அவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வயரைச் செருகினார். பெட்டியின் முகத்தில் எண்கள் ஓடின. எண்களை அவர் உடனே நம்பவில்லை. காருக்கு அடியில் படுத்து, சைலன்சர் பக்கத்திலிருந்து வரும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்களைக் கழற்றி, வாயால் ஊதிப் பார்த்தார். "இதுகள் வெடிச்சிருந்தாலோ அடைச்சிருந்தாலோ பெட்டி பொய் சொல்லும். ரெண்டும் நல்லா இருக்கு." திரும்பப் பூட்டி, எஞ்சினை மிதித்து, எண்ணைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "சரி. பெட்டி பொய் சொல்லேல்லை. புகை போற வழியில இருக்கிற ஃபில்டர் அடைச்சுக் கிடக்கு. எஞ்சின் மூச்சு விட ஏலாமத் திணறுது."

"டீசலுக்கு ஃபில்டர் தெரியும், காத்துக்குத் தெரியும். புகைக்கு எதுக்குத் தம்பி ஃபில்டர்? வெளிய போற சனியன் போகட்டுமே."

"இது வந்த நாட்டில கரிப்புகையை அப்பிடியே ரோட்டில விட ஏலாது அண்ணை. சைலன்சருக்குள்ள பீங்கானில தேன்கூடு மாதிரி ஒண்டு வச்சுக் கரியைப் பிடிக்கிறாங்கள்."

ரோட்டில் போகிறவன் நெஞ்சுக்குள் கரி போகக்கூடாது என்று புகையையே வடிகட்டுகிற நாடுகள் உலகத்தில் இருக்கின்றன என்பது சின்னத்தம்பிக்குப் புதுச் செய்தி. தேயிலைத் தூசியை முப்பது வருடம் விழுங்கிவிட்டு இருமிக்கொண்டே செத்துப்போன அப்பாவை நினைத்தார். அந்த நாடுகளும் நம் தேயிலையைத்தான் குடிக்கின்றன.

"பிடிச்ச கரி நெறஞ்சு போகாதா?"

"நிறைய நிறைய, எஞ்சின் தானே அதைச் சுட்டெரிச்சுத் துப்பரவாக்கும். ஆனா அதுக்கு நல்ல சூடு வேணும். கொஞ்ச நேரம் அழுத்தி ஓடினாத்தான் அந்தச் சூடு வரும். நீங்கள் எப்பிடி ஓடுறனீங்கள்?"

சின்னத்தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோசம். "என்னைப் பத்தி யாருகிட்டயும் கேளுங்க தம்பி. பூ மாதிரி கொண்டு போவேன்."

"அழுத்திறதே இல்லையோ?"

"ஐயையோ! புள்ளத்தாச்சிங்களை வச்சுக்கிட்டா?"

"இறக்கத்தில?"

"நியூட்ரல்."

"ஆஸ்பத்திரியில?"

"எஞ்சினை ஓடவிட்டுட்டு நிப்பேங்க. ஹீட்டருக்கு."

"டீசல் எங்கத்தையான்?"

"ஸ்டோர்ல பீப்பாவுல கெடக்கும்ல, லொறிக்கு ஊத்துற சாதா டீசல். அதுதான்."

கோபிசங்கர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. இந்த ஃபில்டரை அடைக்க வேணுமெண்டு ஒருத்தன் இருந்து திட்டம் போட்டிருந்தாலும், இவ்வளவு வடிவாச் செய்திருக்க மாட்டான்."

சின்னத்தம்பி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். வேலாயிக்குப் பிறகு எந்தக் காலைக் கட்டிவைத்துக் காப்பாற்றுவதாக நினைத்தாரோ, அந்தக் கால்தான் வண்டியின் மூச்சை அடைத்திருக்கிறது. குளிரக்கூடாது என்று ஓடவிட்ட எஞ்சின்தான் கரியைச் சேர்த்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினான் என்ற பழியையாவது உதறலாம். இதை எங்கே கொண்டுபோய் உதறுவது?

சின்னத்தம்பி கேட்டார்: "லயத்து அடுப்புல, கவ்வாத்துல வெட்டின தேயிலைக் குச்சி, ஈர மிலாறை வச்சு எரிச்சா புகைக்கூண்டு கரி புடிச்சு அடைச்சுக்கும். அப்பறம் ஒரு நாளைக்குக் காஞ்ச மிலாறா போட்டுக் கொழுந்துவிட்டு எரிச்சாத்தான் வழி விடும். அந்த மாதிரியா?"

"அதேதான். ஈர மிலாறு மாதிரித்தான் நீங்கள் ஓடியிருக்கிறியள்."

"அப்ப எரிச்சுப் பாக்கலாம்ல?" சின்னத்தம்பியின் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது. "எங்க ஃபிட்டர் சைலன்சர்ல கம்பி விட்டுக் குத்தலாம்னாரு."

"குத்தினாப் பீங்கான் நொறுங்கிப் போகும். புதுசுக்கு நான் எங்க போக? கரி எல்லை தாண்டியிருந்தா எரிக்கவும் ஏலாது, உள்ளுக்க உருகிப் போகும். உங்கடது கரையில நிக்குது. ஒரு முறை முயற்சிக்கலாம்."

முதலில் கோபிசங்கர் எஞ்சின் எண்ணெயை ஒரு தட்டத்தில் திறந்துவிட்டார். கறுப்புத் தண்ணீராக ஓடியது, டீசல் மணத்தது. எரிக்க முயன்று முயன்று தோற்றபோதெல்லாம் எஞ்சின் வீணாகத் தெளித்த டீசல் அதில் போய்க் கலந்திருக்கிறது என்றார். தோட்டம் காருக்குக் கொடுத்த டீசல் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தட்டத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பி அதில் விரலைத் தோய்த்து முகர்ந்து பார்த்து, ஒரு போத்தலில் கொஞ்சம் ஊற்றி வாங்கிக்கொண்டார். புது எண்ணெய் போட்டார்கள். பீப்பா டீசலை வடித்துவிட்டு, டவுன் எரிபொருள் நிலையத்தில் சுப்பர் டீசல் அடித்தார்கள். அதில் கந்தகம் குறைவு.

பிறகு நுவரெலியாவைக் கடந்து, இறம்பொடை வரைக்கும் இறங்கினார்கள். நியூட்ரலில் அல்ல. ஒவ்வொரு முடக்கிலும் சின்னத்தம்பியின் கை கியரை நோக்கிப் போக, கோபிசங்கர் அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். நீர்வீழ்ச்சியின் பக்கத்தில் வண்டியைத் திருப்பினார்கள். மேலே அனுமார் கோயில் தெரிந்தது.

"கும்பிடேல்லையோ?"

"சாமி மேல கோவமில்ல தம்பி. இப்போதைக்கு இந்த லாம்பைப் பாத்துக்கிட்டே போறேன்."

இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ரோடு எஞ்சினைச் சுடவைப்பதற்கென்றே வெட்டியது போலிருக்கும். கோபிசங்கர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஏதோ அழுத்தினார். "மூண்டாவது கியர். மாத்தாதேங்கோ. இப்ப மிதியுங்கோ."

கால் போகவில்லை.

"மிதியுங்கோ அண்ணை!"

"போகுது தம்பி, போகுது."

"எங்க போகுது? நான் இறங்கி நடந்தா முன்னுக்குப் போயிடுவன். கண்ணாடியில பின்னுக்குப் பாருங்கோ. ஆர் இருக்கினம்?"

சின்னத்தம்பி பார்த்தார். ஸ்ட்ரெச்சர் வெறுமையாக இருந்தது. அதன் மேல் மடித்து வைத்த கம்பளி. யாரும் இல்லை, வலியில் முனகும் யாரும் இல்லை. பின்னால் யாரும் இல்லாத வண்டியையும் ஆள் இருப்பது போலவே இத்தனை நாளும் ஓட்டிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கால் இறங்கியது.

கார் உறுமியது. தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. ஒரு மரக்கறி லொறியை அவர் முந்தினார். சின்னத்தம்பி ஒரு வண்டியை முந்தினார் என்று தோட்டத்தில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெட்டியில் சூடு ஏறிக்கொண்டே போனது. கரியின் எண் அசையவில்லை. பிறகு லேசாக இறங்கியது. பின்னால் வெள்ளையாய்ப் புகை கிளம்பியது, தீக்குச்சி நெடியோடு.

"பத்திட்டுது! விடாதேங்கோ!"

அடுத்த முடக்கைத் திரும்பியதும் செக்பொயின்ட்.

கை காட்டிய பொலிஸ்காரர் புகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மொகத மே தும?" என்ன புகை இது என்று சிங்களத்தில் கேட்டு, எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தால் எரிகிறது பாதியில் நின்றுபோகும். பாதியில் நின்றால் மறுபடி எரிக்க முடியுமா என்று கோபிசங்கருக்கே நிச்சயமில்லை. சின்னத்தம்பி ஆயுளில் சீருடைக்கு முன்னால் மறுபேச்சுப் பேசியவரில்லை. அவர் கை சாவியைத் தொட்டது. தொட்டு, விலகியது. இது நோயாளிகளின் வண்டி, அணைக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். 

பொலிஸ்காரர் கோபிசங்கரின் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடத்தைப் படித்ததும் இறங்கச் சொன்னார். ஒரு ஊரில் பிறந்ததையே குற்றமாக்கி வைத்திருந்த காலம் அது. எங்கே வேலை, யாரிடம் பதிவு, ஏன் இந்த ரோட்டில், எதற்கு வயரோடு ஒரு பெட்டி என்று அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்க, கோபிசங்கர் சாவகாசமாகப் பதில் சொன்னார். பழகிப்போன சாவகாசம். சின்னத்தம்பி காலை எடுக்காமல் எஞ்சினை உறுமவிட்டபடி நின்றார். காற்று திரும்பியது. கந்தகப் புகை மொத்தமாகப் பொலிஸ்காரரின் காவல் கூட்டுக்குள் புகுந்தது. உள்ளேயிருந்து இன்னொருவர் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"ஹரி ஹரி! யன்ன, யன்ன!" அட்டையைத் திருப்பிக் கொடுத்து, சரி சரி, போங்கள் என்று இரண்டு கையாலும் விரட்டினார்.

கொஞ்ச தூரம் போகும்வரை இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அடக்க முடியவில்லை.

"அண்ணை, உங்கட புகைக்கு ஒரு கும்பிடு. ரெண்டு மணித்தியாலம் நிண்டிருக்க வேண்டியவன் நான்."

எண் மளமளவென்று இறங்கியது. புகை மெலிந்து, நின்றது. காரின் குரல் மாறியதை முதலில் கேட்டவர் சின்னத்தம்பிதான். முனகல் போய்விட்டது. சளி இளகியவன் முதல் மூச்சு இழுப்பது போல வண்டி தானாகவே முன்னால் பாய்ந்தது. நுவரெலியா ஏரி தெரியும் இடத்தில் மஞ்சள் விளக்கு ஒருமுறை சிமிட்டி, அணைந்தது.

சின்னத்தம்பி அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். நிஜமாகவே அணைந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை, எட்டுச் சாக்குத் தேயிலையை ஏற்றிக்கொண்டு, துரை பார்த்திருக்க, கார் தொழிற்சாலை மேட்டில் ஏறியது. துரை தலையை ஆட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார். கண்டாக்கையா வானத்தைப் பார்த்தார். சின்னத்தம்பி போத்தலை நீட்டி, டீசல் எண்ணெய்க்குள் எப்படிப் போனது என்று சொன்னபோது, "சரி சரி, எல்லாம் தெரியும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் நுழைகிற அளவுக்குச் சிறியதல்ல.

அழகம்மா விடவில்லை. "மண்ணெண்ணெய்னு சொன்னீங்களே ஐயா, எங்க, மோந்து காட்டுங்க!" கூட்டம் சிரித்தது. "இனிமே இந்தக் காருக்கு டவுன் டீசல்தான் ஊத்தணும். இல்லாட்டி மறுபடி அடைக்குமாம். அடைச்சா மறுபடி நாங்க இங்கயே உக்காருவோம்." பெண்கள் கூடைகளை இறக்கி வைப்பது போல ஒரு அசைவு அசைந்தார்கள். அதுவே போதுமாயிருந்தது. அன்று மாலையே டவுன் டீசலுக்கு உத்தரவு வந்தது. வேலாயி கார்ப் பக்கமாக நடந்து வந்து, வெள்ளைக் கதவை ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டு மலைக்குப் போனாள்.

தை மாதத்தில் ஒரு மழை மத்தியானம் அழகம்மாவின் மகள் பிரியந்திக்கு வலி கண்டது. கல்லுப் பாதையில் சின்னத்தம்பி பழைய சின்னத்தம்பிதான். தார் ரோட்டில் ஏறியதும் பெரிய கியருக்குப் போகாமல் மூன்றிலேயே வைத்தார். எஞ்சின் பாடியது.

"என்னண்ணே, பேய் தொரத்துற மாதிரி ஓட்டுறீங்க! புள்ள உள்ள இருக்கு!" என்று அழகம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

"சத்தம் மட்டுந்தான் அழகம்மா. வேகம் அதே வேகம். செம்பைப் பாரு."

அழகம்மா மடியில் இருந்த செம்பைப் பார்த்தாள். தளும்பவில்லை. "அப்ப இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல," என்றாள். அழகம்மாவிடம் அது பெரிய பாராட்டு.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னத்தம்பி எஞ்சினை அணைத்தார். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பல் கிட்டக் கிட்ட உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை, அழுகைக்குக் குறைவில்லை என்று அழகம்மா வெளியே வந்து சொன்னபோது, அவருக்குக் குளிரில் வாய் கோணி, சிரிப்பா நடுக்கமா என்று தெரியாமல் போயிற்று. மறுநாள் தாயையும் பிள்ளையையும் ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எஞ்சினைப் போட்டு உள்ளே சூடாக்கினார். அதுவே போதுமாயிருந்தது.

அதன் பிறகு, ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், வெற்று வண்டியை இறம்பொடைக்கு இறக்கி, மூன்றாவது கியரில் உறுமவிட்டு ஏறி வருவது அவர் வழக்கமாயிற்று. தோட்டத்தில் ஆடு முந்தும் என்று கேலி பேசியவர்கள் இப்போது சின்னத்தம்பிக்கு ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அவர் இரண்டையும் மறுத்ததில்லை.

அடுத்த ஆயுத பூசைக்குப் பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு காருக்குள் குனிந்தார். கட்டைவிரல் கண்ணாடியை நெருங்கியது. சின்னத்தம்பி குறுக்கே தலையை நீட்டி, தன் நெற்றியைக் காட்டினார்.

"இங்க வைங்க சாமி. இங்கதான் எரியிற வெளக்கு எதுவும் இல்ல."